மாடிவரை போன ‘யோவ்’

விசைத்தறிக் கூடத்தில் வாலிபத்தைத் தொலைத்தவர்களுக்குக் காது மிச்சமிருந்தால் அதிசயம்தான். தறிக்காரருக்குக் கொஞ்சம் மிச்சமிருந்தது. அந்தக் கொஞ்சத்திற்குள் நுழையக்கூடிய குரல் உலகத்திலேயே ஒன்றுதான், அவர் மனைவியுடையது. அவளும் அதே மில்லில் நூல் சுற்றும் பிரிவில் இருந்தவள். ஷிப்டு முடிய ஊதும் சங்கைவிட அவள் தொண்டை பெரிசு என்று கூட இருந்தவர்கள் வைத்த பெயர் ‘சங்கு’. அடுப்படியிலிருந்து அவள் “யோவ்!” என்று ஒரு குரல் விட்டால், மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருக்கும் மனுஷன் விழுந்தடித்துக்கொண்டு இறங்கி வருவார். காதல் கீதல் என்றெல்லாம் அவருக்குச் சொல்லத் தெரியாது. அந்த ‘யோவ்’தான் அவருக்கு எல்லாம்.

மற்றபடி இருவருக்கும் உதட்டுப் பேச்சுதான். கூடத்து இரைச்சலில் சத்தம் எடுபடாது என்பதால் அங்கே எல்லோரும் வாயை நன்றாக விரித்து அசைப்பார்கள், எதிரே நிற்பவர் படித்துக்கொள்வார். வேலையை விட்ட பிறகும் பழக்கம் விடவில்லை.

போன மழைக்காலத்தில் சங்கு ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கினாள். முதுகில் ‘சுரீர்’ என்றது. சுளுக்காக இருக்கும் என்று தைலம் தேய்த்தார்கள். நாளாக ஆக அவளுக்குக் கூன் விழுந்தது. அதே சமயத்தில் தறிக்காரருக்கு ‘யோவ்’ கேட்காமல் போயிற்று. மிச்சக் காதும் போச்சு என்று அவர் இடிந்துபோனார். யாரிடம் சொல்லி அழுவது? மாடிக்குப் போய், காய்ந்த துணியை மறுபடி மறுபடி உதறிக்கொண்டு, கீழேயிருந்து வராத குரலுக்காக நின்றுகொண்டே இருப்பார். ஏக்கம் பொல்லாதது, திட்டு வாங்குவதற்குக்கூட மனுஷனை ஏங்க வைக்கும்.

வெளியூரில் வேலை பார்க்கும் மகள் வந்து பார்த்துப் பதறி, இருவரையும் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டரம்மா எக்ஸ்ரேயைக் காட்டினார். “எலும்பு தேஞ்சு பலமில்லாமப் போயிருக்கு. அதான் முதுகெலும்பு நசுங்கிடுச்சு. கூன் விழ விழ நெஞ்சுக்கூட்டுக்குள்ள இடம் குறையுது, நுரையீரல் விரிய முடியல. வலிக்குப் பயந்து இவங்க மூச்சையும் முழுசா இழுக்குறதில்ல. பேசும்போது மூச்சு வாங்குதா?”

அவர் உதட்டைப் படித்த தறிக்காரர் முந்திக்கொண்டார். “அதெல்லாம் இல்லம்மா. நாள் பூரா பேசுவா. இப்பக்கூட என்னைத் திட்டிக்கிட்டுதான் இருக்கா, பாருங்க.”

டாக்டரம்மா சங்கைப் பார்த்தார். பிறகு அவர் பக்கம் திரும்பி நிதானமாகச் சொன்னார். “ஐயா, அவங்க வாய்தான் அசையுது. சத்தமே வரல.”

தறிக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“அதான் போன்ல பேச மாட்டேன்னியாம்மா?” என்று மகள் அழ ஆரம்பித்தாள்.

“ஏன்டி சொல்லல?” என்றார் தறிக்காரர். இத்தனை நாளும் காதைச் சபித்துக்கொண்டிருந்தவருக்கு இப்போது தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

சங்கு உதட்டை அசைத்தாள். ‘கத்தி வைப்பாங்கன்னு பயம். உனக்குத்தான் புரியுதே, அப்புறம் எதுக்கு மூச்சைப் பிடிச்சுக் கத்தணும்?’

கத்தியெல்லாம் இல்லை, நசுங்கிய எலும்புக்குள் ஊசி வழியாக ஒரு வகை சிமெண்ட் வைப்பார்களாம். “வலி குறையலாம். குறைஞ்சா மூச்சும் கொஞ்சம் தேறலாம். ஆனா கூன் முழுசா நிமிராது. பழைய குரல் வரும்னும் நான் வாக்குக் குடுக்க மாட்டேன்” என்றார் டாக்டரம்மா. ‘வீட்டுச் சுவருக்குப் பூச ஆள் கிடைக்கல, எனக்குப் பூசப் போறாங்க’ என்று சங்கு உதட்டாலேயே கேலி செய்தாள். தறிக்காரர் ஒருத்தர்தான் சிரித்தார், மற்றவர்களுக்கு அது கேட்கவில்லை.

சிமெண்ட் வைத்தார்கள், வலி அடங்கியது. எலும்புக்கு மருந்து, மூச்சுக்குப் பயிற்சி. தினமும் தறிக்காரர் எதிரே உட்கார்ந்து, “இழு, இன்னும் இழு, இப்ப விடு” என்று உயிரை வாங்கினார். ‘முதல்ல நீ விடு என்னை’ என்று அவள் முறைத்தாள்.

ஒரு காலையில் அவர் அடுப்படி வாசலில் வந்து நின்றார். “இப்பக் கூப்பிடு பார்ப்போம்” என்று சொல்லிவிட்டு அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். மில் ஆட்கள் பேசுகிறவருக்கு முதுகைக் காட்டவே மாட்டார்கள். உதட்டைப் பார்க்காமல் காதால் கேட்க வேண்டும், அவருக்கு அதுதான் ஆசை.

நின்றார். ஒன்றும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் நின்றார்.

“பரவால்ல விடு, நாளைக்குப் பார்த்துக்கலாம்” என்று திரும்பினார். சங்கு முகம் சிவந்து, மேடையைப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அதற்குள், லீவுக்கு வந்திருந்த மகள் மாடிப்படியில் தடதடவென்று இறங்கி ஓடி வந்தாள்.

“என்னம்மா ஆச்சு? ஏன் இப்படிக் கத்துறே? மாடி வரைக்கும் கேக்குது!”

தறிக்காரர் மகளைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். அவள் குரல் வந்துவிட்டது. அவர் காது நிஜமாகவே போயிருந்தது. சந்தோஷமும் துக்கமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்ததில் கண் நிறைந்தது.

“மாடி வரைக்குமா?” என்றார் மகளிடம். “எப்படி இருந்துச்சு? பழைய மாதிரியேவா?”

“கொஞ்சம் கம்மிதான்ப்பா. ஆனா அதேதான்.”

சங்குக்கு விஷயம் விளங்கிவிட்டது. அருகில் வந்து அவர் சட்டைக் காலரைச் சரி செய்தாள்.

“இன்னொரு தரம் கூப்பிடுடி” என்றார்.

அவள் நிமிர முடிந்த மட்டும் நிமிர்ந்து மூச்சை இழுத்தாள். இந்தத் தடவை அவர் திரும்பிக்கொள்ளவில்லை. அவள் வாய் விரிவதைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற மகள் இரண்டு காதையும் பொத்திக்கொள்வதைப் பார்த்தார்.

“இதோ வந்துட்டேன்” என்றார்.