சமயபுரம் பஸ்

மையவாடிக்கு அடக்கத்துக்குப் போன ஆண்கள் திரும்பி வரும்போது சம்ரீன் கூடத்தில் சாப்பாட்டு விரிப்பை உதறி விரித்துக்கொண்டிருந்தாள். காலையில் அத்தாவைக் கிடத்தியிருந்த இடம் அது. சுவரோரம் இன்னும் கற்பூர வாசனை இருந்தது.

அவளைப் பெற்ற அத்தா ஜெகபர் சாதிக், பாலக்கரைப் பக்கம் கல்யாணங்களுக்குப் பிரியாணி ஆக்கும் பண்டாரி. விடியல் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளூ செய்ய உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் முடிந்தது.

மய்யித்து எடுத்த வீட்டில் அடுப்பு எரியாது. அக்கம்பக்கத்தார்தான் சோறு தர வேண்டும். பக்கத்து வீட்டு லூர்துராணி யாரையும் கேட்காமல் தன் கொல்லைக் கதவைத் திறந்துவிட்டாள். அத்தாவோடு காலமெல்லாம் வேலை பார்த்தவர்கள் அங்கே கல் கூட்டி, தேக்சாக்களை ஏற்றி, வெள்ளைச்சோறும் தால்ச்சாக் குழம்பும் ஆக்கினார்கள். அத்தாவுக்கு அடுத்தபடி கரண்டி பிடிப்பவரான ரத்தினவேல் காலையிலிருந்து உட்காரவே இல்லை.

எத்தனை பேருக்கு ஆக்குவது என்று அவர் போட்ட கணக்கு சரிதான். தப்பு மையவாடி வாசலில் நடந்தது. எந்தக் கல்யாணத்திலும் அத்தா பந்தி வாசலில் நின்று, "சாப்பிட்டுத்தான் போகணும்" என்று ஒவ்வொருவரிடமும் சொல்வார். இன்று அவருடைய ஆட்கள் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் அதே சொல்லைக் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார்கள். மண்ணச்சநல்லூர் ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறவர்கள், மண்டப வாட்ச்மேன்கள், பூக்கட்டுகிற பெண்கள், அத்தா கையால் கல்யாணச் சோறு சாப்பிட்ட மாப்பிள்ளைகள் என்று தெரு நிறைந்துவிட்டது. இவ்வளவு பேரா என்று சம்ரீனுக்கு முதலில் நெஞ்சு நிமிர்ந்தது. பிறகுதான் பயம் வந்தது. அத்தா ஆக்கிய இடத்தில் பசியோடு எழுந்து போனவர் என்று ஒருவரும் கிடையாது. அவர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்ட பெருமை அது ஒன்றுதான். அவரை அடக்கம் செய்த நாளிலேயே அது போய்விடக் கூடாது.

துபாயிலிருந்து லீவில் வந்திருந்த அண்ணன் நஸ்ருல்லா போனைக் கையில் எடுத்தான்.

"ஹோட்டல்ல சொல்லிரவாண்ணே? அரை மணி நேரத்துல வந்துரும்."

"பண்டாரி வீட்டுக்குப் பார்சலா தம்பி?" என்றார் ரத்தினவேல். "பாய் காதுல விழுந்தா எந்திரிச்சு வந்து நம்மள அடக்கம் பண்ணிருவாரு."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டுச் சட்டென்று தலைகுனிந்துகொண்டார்கள். ரத்தினவேல் தேக்சாவுக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு யாரையும் பார்க்காமல், சாதாரணக் குரலில் சொன்னார்.

"சமயபுரம் பஸ்ஸு வந்துருச்சுப்பா."

நஸ்ருல்லா தெருவை எட்டிப் பார்த்தான். "எந்த பஸ்ஸு? இந்தத் தெருவுக்குள்ள பஸ் எப்படி வரும்?"

சாப்பிட உட்கார்ந்த சமையல் ஆட்கள் தட்டைத் தொடாமல் எழுந்தார்கள். பெரிய அகப்பை உள்ளே போய்ச் சின்னக் கரண்டி வெளியே வந்தது. சம்ரீன் தன் முன்னால் வைத்த தட்டை ஒரு பூக்காரம்மாவின் பக்கம் நகர்த்தினாள்.

"நான் அப்பவே சாப்பிட்டேங்க்கா. நீங்க உக்காருங்க."

"என்னம்மா இது?" என்று நஸ்ருல்லா உள்ளறைத் திரைக்கு வெளியே நின்று கேட்டான். உள்ளே அம்மா ஆபிதா, கணவனை இழந்தவர்கள் வெளி ஆண்கள் கண்ணில் படாமல் இருக்கும் இத்தாவில் இருந்தாள். காலையிலிருந்து அவள் வாயில் பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் படவில்லை.

"நீ கைப்புள்ளையா இருந்தப்ப நடந்தது" என்றாள் அம்மா. "மெட்ராஸ் ரோட்டுல ஒரு மண்டபத்துல நம்ம ஆளுங்க கல்யாணம். வாசல்ல ஒரு பஸ்ஸு பிரேக்டவுன் ஆகி நின்னுருச்சு. சமயபுரம் போற சனம். மஞ்சச் சீலையும் வேப்பிலையுமா, புள்ளகுட்டியோட வெயில்ல நிக்கிதுங்க. கல்யாண வீட்டுக்காரங்க உள்ள கூப்பிட்டாங்க. அதுங்க விரதம், கறி ஆகாதுன்னுருச்சுங்க. உங்கத்தா ஒரு தேக்சாவப் புளி போட்டுத் தேச்சுக் கழுவி, புதுசா அடுப்பு கூட்டி, தக்காளிச்சோறு ஆக்கிப் போட்டாரு."

"அரிசி?"

"சமையக்காரங்களுக்குன்னு எடுத்து வச்சது. அன்னைக்கு அவரும் அவர் ஆளுங்களும் பட்டினி." அம்மா குரலைத் தாழ்த்தினாள். "வீட்டுக்கு வந்து சொன்னாரு. இனிமே எங்க சோறு குறைஞ்சாலும் குறைஞ்சிருச்சுன்னு சொல்லக் கூடாது, வந்தவங்களுக்குக் கூச்சமாயிரும். சமயபுரம் பஸ்ஸு வந்துருச்சுன்னு சொன்னாப் போதும், நம்மாளு எந்திரிச்சுருவான்னாரு."

நஸ்ருல்லா போனைச் சட்டைப் பையில் போட்டான். முழுக்கையை மடித்துவிட்டுக்கொண்டு தால்ச்சா வாளியைத் தூக்கினான். முதல் வரிசையிலேயே ரத்தினவேல் அவன் முழங்கையைப் பிடித்தார்.

"தம்பி, கரண்டி பாதி போதும். ஆனா ரெண்டு தடவ போங்க. ரெண்டாந்தடவ போய் 'இன்னும் போடவா'ன்னு சிரிச்ச முகமா கேட்டா, பாதி வயிறு அதுலயே நிறைஞ்சுரும்."

நஸ்ருல்லா அப்படியே செய்தான். வரிசைகள் உட்கார்ந்து எழுந்தன. யார் முகத்திலும் குறை தெரியவில்லை. கடைசி வரிசை கை கழுவும்போது தேக்சாவின் அடி தெரிந்தது. சம்ரீன் மூச்சு விட்டாள்.

அப்போது வாசலில் ஒரு பெரியவர் வந்து நின்றார். ரிட்டயர்டு வாத்தியார் சவரிநாதன். அவர் மகள் கல்யாணத்துக்கு அத்தாதான் சமையல்.

"லால்குடியிலேர்ந்து பஸ் மாறி வரேம்மா. மண்ணு போடக்கூடக் குடுத்து வைக்கல" என்றார். வெயிலில் முகம் கறுத்திருந்தது.

சம்ரீன் கொல்லைக்கு ஓடினாள். ஒன்றுமில்லை. அம்மாவுக்கென்று லூர்துராணி மூடி வைத்திருந்த ஒரு தட்டு மட்டும் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு வந்து உள்ளறைத் திரையருகே தயங்கினாள். சுகர் மாத்திரை போடுகிற அம்மா.

திரைக்குள்ளிருந்து குரல் வந்தது. "யாரு, சவரி சாரா? அந்தத் தட்டைக் கொண்டு போய் வை."

"நீங்கம்மா?"

"நான் யாரு வீட்டு ஆளு?"

சம்ரீன் தட்டைக் கொண்டுபோய் வைத்தாள். சவரிநாதன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு நிதானமாகச் சாப்பிட்டார். ஒரு பருக்கை மீதி வைக்கவில்லை. கை கழுவிவிட்டு, துண்டால் வாயைத் துடைத்தபடி, "தப்பா நினைக்காதேம்மா. தால்ச்சாவுல உப்பு ஒரு கல்லு குறையுது" என்றார்.

ரத்தினவேல் தலையை ஆட்டினார். "ஆமாங்க சார். உப்பு மட்டும் பாய்தான் போடுவாரு. எங்களை விட மாட்டாரு."

சம்ரீன் காலித் தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள்.

கொல்லையில் லூர்துராணி அணைந்துகொண்டிருந்த அடுப்பை ஊதி, ஒரு சின்னச் சட்டியில் உலை வைத்தாள். நஸ்ருல்லா குத்துக்காலிட்டு உட்கார்ந்து அரிசி களைந்தான்.

"அம்மாவுக்கும் வேலையாளுங்களுக்கும், உங்க ரெண்டு பேருக்கும். வேற யாரும் உண்டா சம்ரீன்?" என்றாள் லூர்துராணி.

சம்ரீன் கொல்லைக் கதவு வழியே வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். முன்பின் தெரியாத ஒரு ஆளும் அவர் மனைவியும் படியருகே செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னும் ரெண்டு கை அரிசி போடுங்கக்கா" என்றாள்.