துடுப்பின் வழியே வந்த பாட்டு

"எங்க போறோம்?"

"சும்மா ஒரு சுத்து" என்றான் லோபாகா, லாரியின் பின்புறம் அலைச்சறுக்குப் பலகைகளைக் கயிறு போட்டு இறுக்கியபடி.

"அலை பிடிக்கத்தானே?"

"அதை ஏன் வாய்விட்டுச் சொல்ற, உலுலானி? கடலுக்குக் கேட்டுடும். இன்னிக்கு அலை வந்த மாதிரிதான்."

என் கணவர் காயிபோ இறந்த மறு வருஷம், லோபாகா என்னை முதன்முதலாகத் துடுப்பும் கையுமாகப் பலகையில் நிற்க வைத்த அந்தக் காலை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அவன் என்னோடு பள்ளியில் படித்தவன், காயிபோவின் சிநேகிதன், துறைமுகத்தில் படகு என்ஜின்களைப் பழுது பார்க்கிறவன். எங்கள் மொலோகாய் தீவில் கடலிடம் எதை வாங்கப் போகிறோம் என்று யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. சொன்னால் மீன் ஒளிந்துகொள்ளும், அலை படுத்துவிடும். நான் அந்த வழக்கத்தைக் கரைக்கு வந்த பிறகும் விடவில்லை. லோபாகாவிடம் எனக்கு என்ன வேண்டும் என்பதை நாக்கு வரை வர விட்டதே இல்லை. சொன்னால் அதுவும் கலைந்துவிடும் என்று பயந்தேன்.

தீவின் கிழக்கு முனையில், காட்டுச் சேவல்களைத் தவிர யாரும் நடக்காத ஒரு மணல்கரைக்குத்தான் எப்போதும் போவோம். நின்றுகொண்டு துடுப்பு போட்டால் கடல் எதையும் மறைக்காது. கால்களுக்குக் கீழே பவளம், ஆமை, மணலில் நகரும் நம் நிழல் எல்லாம் தெரியும். முதுகுக்குப் பின்னால் நீர் எழும்பும்போது வேகமாகத் துடுப்பை வலித்தால் போதும், பிறகு பலகை தானாகவே பறக்கும். முழங்காலை மடக்கித் துடுப்பைப் பின்னால் ஊன்றி, அலையின் பச்சைச் சரிவில் குறுக்காக வழுக்கிக்கொண்டே கரைக்கு வரலாம். லோபாகா ஒவ்வொரு நாளும் முதல் அலையை எனக்கே விட்டுவிடுவான். எனக்கு அது போதும் என்று இருந்தேன்.

இந்த ஜனவரியில், லாஸ் வேகாஸில் இருக்கும் அவன் மகளுக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. அங்கேயே போய் இருந்துவிடப் போகிறேன் என்றான். எங்கள் தீவில் பாதிப் பேர் வேலை தேடி அங்கே போய்விட்டதால் யாரும் ஆச்சரியப்படவில்லை. என் மகள் நோஹெயா மட்டும் என்னை விடவில்லை.

"லோபாகா மாமா போறேன்னு சொன்னப்ப நீ என்னம்மா சொன்ன?"

"அங்க குளிராம். ஸ்வெட்டர் எடுத்துக்கன்னு சொன்னேன்."

"ரொம்ப அக்கறைதான். இருங்கன்னு யாராவது சொல்லுவாங்களான்னு அந்த மனுஷன் மூணு தடவை வந்து நம்ம குழாயை ரிப்பேர் பண்ணிட்டுப் போயிட்டாரு. குழாய் ஒழுகவே இல்லம்மா."

விமானத்துக்கு முந்தைய நாள் காலையும் போனோம். அலையே இல்லை. கடல் கண்ணாடிபோலக் கிடந்தது. பவளத்திட்டைத் தாண்டி, அடி தெரியாத நீலத்துக்குள் போய்விட்டோம். எதிரே மாவி தீவின் மலை மேகத்தில் பாதி மறைந்திருந்தது. நான் சொல்ல நினைத்ததை ஒவ்வொரு துடுப்பு வலிப்பிலும் அடுத்த வலிப்புக்குத் தள்ளிக்கொண்டே வந்தேன்.

திடீரென்று லோபாகா துடுப்பைத் தூக்கிவிட்டான். நானும் தூக்கினேன். அருகில் திமிங்கிலம் இருந்தால் நாம் அதை நெருங்கக் கூடாது, அது நெருங்கி வந்தால் அசையாமல் நிற்க வேண்டும்.

முதலில் நீரின் நிறம் மாறியது. பிறகு ஒரு தோணி நீளத்துக்கு வெள்ளையாக ஒன்று ஆழத்தில் திரும்பியது. திமிங்கிலத்தின் துடுப்பு போன்ற கை அது. பின்னாலேயே உடல் வந்தது, வந்துகொண்டே இருந்தது. எங்கள் பலகைகளுக்குக் கீழே அது கடந்து முடிவதற்குள் எனக்கு மூச்சு முட்டிவிட்டது. ஒரு கண் மேலே பார்த்தது. என்னைத்தான் பார்த்தது என்று சொன்னால் நீங்கள் சிரிக்கலாம். சற்றுத் தள்ளி மேலே வந்து அது விட்ட மூச்சு, மீன் வாடையோடு என் முகத்தை நனைத்தது. மறுபடி மூழ்கி, எங்களுக்கு அடியில் எங்கேயோ அப்படியே நின்றுவிட்டது.

லோபாகா தன் மரத்துடுப்பை நீருக்குள் செங்குத்தாக இறக்கி, கைப்பிடியில் காதை வைத்தான். எனக்கும் சைகை காட்டினான். வைத்தேன்.

கடல் பாடிக்கொண்டிருந்தது. பழைய கதவு திறப்பது போல ஒரு குரல், குழந்தை விம்முவது போல இன்னொன்று. அதற்கும் கீழே ஒன்று, காதுக்கு எட்டாமல் தாடை எலும்பிலும் பற்களிலும் மட்டும் கேட்டது. பாதங்களுக்கு அடியில் பலகை மெல்ல நடுங்கியது. இத்தனை வருஷம் இந்த நீரின் மேல் நின்றிருக்கிறேன். அதற்குள் இவ்வளவு பெரிய ஒரு பாட்டு இருந்திருக்கிறது. அழுகிறேன் என்பதே எனக்குத் தெரியவில்லை.

பலகைகள் மிதந்து வந்து ஒன்றோடொன்று உரசின. துடுப்பில் காதை வைத்தபடியே லோபாகா என் பக்கம் திரும்பியிருந்தான். இவ்வளவு அருகில் அவன் முகத்தை நான் பார்த்ததில்லை. அவன் இமைகளிலும் ஈரம் இருந்தது.

"வேகாஸ்ல வெறும் மணலாம்" என்றான் மெதுவாக. "துடுப்பை எங்க இறக்கறது?"

சிரிப்பு வந்தது. சிரிப்போடு மற்றதும் வந்துவிட்டது.

"லோபாகா."

"ம்."

"போய் பேரப்பிள்ளைங்களைக் கொஞ்சிட்டு வா. ஆனா வந்துடு. என் வீட்டுக்கு வந்துடு. என்கூடவே இரு."