திருப்பதியில் அணையாத கம்ப்யூட்டர்

"நைனா, துன்னியா? இன்னா துன்ன?" என்று திரைக்குள்ளிருந்து மகள் தபிதா கேட்டு வாய் மூடவில்லை, கம்ப்யூட்டர் பொட்டென்று அணைந்துபோனது.

இன்பசேகரன் அசையவில்லை. கறுப்புத் திரையில் அவர் முகமே தெரிந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெட்டிக்குள் விசிறி தானாகவே சுற்ற ஆரம்பித்தது. எழுத்துகள் ஓடின, நீலத்திரை வந்தது, எதுவுமே நடக்காத மாதிரி அது மறுபடி திறந்துகொண்டது. அவரும் எதுவுமே நடக்காத மாதிரிதான் இருந்தார். இருந்து இருந்து பழகிவிட்டது.

அவர் மனைவி ஞானசௌந்தரி பொங்கல் கழிந்த மறு வாரம் மார்வலி என்று உட்கார்ந்தவள், எழுந்திருக்கவில்லை. அடக்கத்தன்று அவர் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கிரீம்ஸ்பேட்டை சபையில் அதைப் பேசாத வாய் கிடையாது. வாத்தியார் கல்லுளிமங்கன் என்றார்கள். அழக்கூடாதென்று அவருக்கு வைராக்கியம் ஒன்றும் இல்லை. வரவில்லை, அவ்வளவுதான். பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி உள்ளே என்னவோ மரத்துக் கிடந்தது. கடித்தாலும் தெரியாது போலிருந்தது.

ஒரே மகள் தபிதா திருப்பதியில் கொர்லகுண்டாவில் இருக்கிறாள். நைனா தனியாக இருப்பதில் அவளுக்குச் சம்மதமே இல்லை. சித்தூர் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுத் தன்னோடு வந்து இருக்கச் சொன்னாள். எதற்கும் "சரி" சொல்லிக்கொண்டிருந்த மனுஷன் இதற்கு மட்டும் "பாக்கலாம்" என்றார். ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே விளங்கவில்லை. வாயில் அதுதான் வந்தது. கடைசியில் தபிதா ஒரு நிபந்தனை போட்டாள். தினமும் சாயங்காலம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அவளுக்கு முகம் காட்ட வேண்டும். போன் உதவாது, போனில் நைனாவின் மூக்கு மட்டும்தான் தெரிகிறதாம். கம்ப்யூட்டர் கேமராவில் அறை முழுக்கத் தெரியும். துணி குவிந்திருக்கிறதா, தட்டு கழுவாமல் கிடக்கிறதா என்று அங்கிருந்தே ஒரு சோதனை போட்டுவிடுவாள். ஒரு நாள் முகம் தெரியாவிட்டாலும் வண்டி வந்து நிற்கும். அந்த நிபந்தனைக்கு அவர் "சரி" சொன்னார்.

அந்தக் கம்ப்யூட்டர்தான் வெயில் ஏற ஏற இப்படிச் சாகத் தொடங்கியது. காலையில் பேப்பர் படிக்கத் திறந்தால் சாதுவாக இருக்கும். சாயங்காலம் டியூப்லைட் போட்டு, ஃபேன் போட்டு, மகளிடம் பேச உட்கார்ந்தால் அதற்கு உயிர் போகும்.

இன்பசேகரன் மிஷன் பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பழுது பார்ப்பதில் அவருக்கு ஒரு ஒழுங்கு உண்டு. பெட்டியைத் திறந்தார். பெயின்ட் பிரஷ்ஷால் தூசு தட்டினார். ராம் அட்டையைக் கழற்றி, அதன் பித்தளை நிறப் பற்களை ரப்பரால் தேய்த்து மாட்டினார். சூடு ஏறுகிறதோ என்று பார்த்தார், ஏறவில்லை. விண்டோஸை அழித்துப் புதிதாக ஏற்றினார். ஒவ்வொரு முறை செத்துப் பிழைத்த பிறகும், என்ன நடந்தது என்று கம்ப்யூட்டரையே கேட்டுப் பார்த்தார். அது தன் பதிவில் ஒரே விஷயத்தைத்தான் சொன்னது: மின்சாரம் திடீரென்று நின்றது, வேறு ஒரு தப்பும் இல்லை. மின்சாரம் எங்கே நின்றது? அடுப்படியில் ஃபிரிட்ஜ் ஓடுகிறது. ஹாலில் டிவி பாடுகிறது.

கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போய் ஹாலில் வைத்துப் பார்க்க வேண்டியதுதானே என்று யாருக்கும் தோன்றும். அவருக்கும் தோன்றியது. ஆனால் ஹாலில் ஞானசௌந்தரியின் படம் மாட்டியிருந்தது, பக்கத்தில் சின்ன விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. அதற்கு எதிரே உட்கார அவருக்கு இஷ்டமில்லை. அதனால் அந்த யோசனையைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பெட்டிக்குள்ளேயே தேடினார்.

கடை வைத்திருக்கும் சுரேஷ்பாபுவிடம் கொண்டுபோனார். அவன் அவருடைய பழைய மாணவன். பெட்டியைப் பகல் முழுக்க ஓடவிட்டான். அது ஒரு தரம்கூட முணுமுணுக்கவில்லை. "ப்ராப்ளம் ஏமி லேது சார்," என்று தெலுங்கில் தொடங்கியவன், "சிஸ்டம் சூப்பரா கீது. எதுக்கும் இந்த பவர் சப்ளைய மாத்திக்கினு போங்க" என்று தமிழுக்குத் தாவினான். மாற்றிக்கொண்டு வந்தார். அன்று சாயங்காலமே தபிதா "நைனா" என்று சொல்லும்போது அணைந்தது.

வீட்டு வேலையிலும் அவர் அதே ஒழுங்கோடுதான் இருந்தார். அரிசி களைவார், ரசம் வைப்பார், தட்டைக் கழுவிக் கவிழ்ப்பார். கழுவிய தண்ணீர் குழாய் வழியாகச் சாக்கடைக்குப் போய்விடும். ஞானசௌந்தரி இருந்தபோது அப்படிப் போக விடமாட்டாள். அதையெல்லாம் அலுமினியக் குண்டானில் பிடித்து, இடுப்பில் வைத்துக்கொண்டு, பின்பக்கம் மதில் மூலைக்குப் போய் ஊற்றுவாள். அங்கே செடி ஒன்றும் கிடையாது, புல்கூட இல்லை. "இன்னாடி, மண்ணுக்கு ஞானஸ்நானமா?" என்று கேலி செய்வார். "உங்களுக்கு இன்னா, நீங்க போய் உங்க பொட்டிய தட்டுங்க" என்று அவரை விரட்டுவாள். வீட்டுக்குள் செருப்புப் போட்டாலும் விரட்டுவாள். இப்போது விரட்ட ஆள் இல்லை. காலையில் மாட்டுகிற ரப்பர் செருப்பைப் படுக்கும்போதுதான் கழற்றுகிறார்.

மருமகன் கிளாட்வினுக்குப் பொறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பெட்டியைக் காரில் போட்டுக்கொண்டு திருப்பதிக்குப் போய்விட்டான். அங்கே அது பிள்ளைகளுக்குப் படம் காட்டியது, பாட்டுப் பாடியது, விடிய விடிய ஓடியது. ஒரு வாரம் முழுக்க அணையவே இல்லை. மறு சனிக்கிழமை புருஷனும் பெண்டாட்டியும் அதைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

"பாத்தியா நைனா, எங்கூட்டுக்கு வந்தா அதுகூட நல்லா கீது" என்றாள் தபிதா. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். "நீ இன்னாத்துக்கு இங்க குந்திக்கினு கீற?"

அவர் ஒயர்களை மாட்டினார். டியூப்லைட் போட்டார், ஃபேன் போட்டார், பெட்டியை உயிர்ப்பித்தார். தபிதா வெறுங்காலோடு குனிந்து பெட்டியின் மேலிருந்த தூசியைத் துடைக்கக் கை வைத்தாள். வைத்தவள் வீலென்று கத்திக்கொண்டு பின்னால் சாய்ந்தாள். கிளாட்வின் பிடித்துக்கொண்டான்.

"ஷாக் அடிக்குது நைனா! உனக்கு அடிக்கலியா?"

"இல்லியே" என்றார். அவர் தினமும் அந்தப் பெட்டியைத் தொட்டுக்கொண்டுதான் இருந்தார். ஏதோ சுருசுருவென்று இருந்திருக்கலாம். அவர் கவனிக்கவில்லை.

தபிதாவுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "அம்மாவும் போச்சி. இந்த ஊடு உன்னையும் கொன்னுடும். அடுத்த ஞாயித்துக்கெழம ஆராதனை முடிஞ்சதும் வண்டி எடுத்துக்கினு வரோம். நீ ஒண்ணும் பேசாத."

"சரி" என்றார் இன்பசேகரன். அந்த "பாக்கலாம்" எங்கேயோ தீர்ந்துபோயிருந்தது. அவர்கள் போனதும் அலமாரியிலிருந்து சட்டைகளை எடுத்துக் கட்டிலில் அடுக்கினார். சேலைகள் இருந்த பக்கத்தைத் திறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் வானம் கறுத்துக் காற்றோடு மழை கொட்டியது. தோப்புகளில் மாங்காய் உதிர்ந்து நாசமாகும் மழை. அன்று சாயங்காலம் தபிதா, மூட்டையில் எதையெல்லாம் கட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனாள், சொல்லி முடித்தாள், "வெச்சிடறேன் நைனா" என்றாள். அதுவரைக்கும் கம்ப்யூட்டர் அணையவில்லை. மறுநாளும் அணையவில்லை. டியூப்லைட் பளிச்சென்று எரிந்தது. முனகிக்கொண்டு சுற்றும் ஃபேன் மேஜையிலிருந்த காகிதத்தைப் பறக்கவிட்டது. வியாழக்கிழமை வெயில் பழையபடி காய்ந்தது. வெள்ளிக்கிழமை ஃபேன் முனகியது, கம்ப்யூட்டர் செத்தது.

வாத்தியார் புத்தி அங்கேதான் கொஞ்சம் அசைந்தது. மழைக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன உறவு? கூரை ஒழுகினால் கெட்டுப்போகும், சரி. இது மழை பெய்தால் பிழைக்கிறது.

சனிக்கிழமை காலையில் டெஸ்டரை எடுத்துப் பெட்டியின் தகட்டில் வைத்தார். எரியக்கூடாத இடத்தில் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. மெயினை அணைத்துவிட்டுச் சுவரில் பிளக் போர்டைக் கழற்றினார். கரன்ட் ஒரு கம்பியில் வரும், இன்னொரு கம்பியில் திரும்பிப் போகும். அந்தத் திரும்பிப் போகும் கம்பி கருகி, துண்டாகிக் கிடந்தது. அதற்குப் பதிலாக யாரோ பச்சைக் கம்பியை இழுத்து முறுக்கி மாட்டியிருந்தார்கள். பச்சைக் கம்பி எர்த். அது மண்ணுக்குள் போகிற கம்பி.

எலக்ட்ரீஷியன் நாராயணசாமியின் வேலை. எப்போதோ இந்த அறையில் மட்டும் கரன்ட் போய், ஞானசௌந்தரி அவனைக் கூப்பிட்டுச் சரி செய்திருந்தாள். சுவரை உடைத்துப் புது ஒயர் இழுக்கச் சோம்பல்பட்டு, மண்ணையே திரும்பிப் போகிற வழியாக ஆக்கிவிட்டுப் போயிருக்கிறான். பண்ணக்கூடாத வேலை. அன்று சாயங்காலம் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தபோது அவள் வந்து சொன்னது அவருக்கு இப்போது காதில் கேட்டது: "அந்த மூல காயக்கூடாதாம், சொல்லிட்டுப் போயிருக்கான்." அவர் தலையைத் தூக்காமல் "ம்" என்றிருந்தார். எந்த மூலை, ஏன் காயக்கூடாது என்று கேட்கவில்லை. அவளும் விவரம் சொல்லவில்லை. குண்டானை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பின்பக்கம் போனார். மதில் மூலையில் எர்த் குழாயின் வாய் மண்ணுக்கு மேலே ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்தது. சுற்றிலும் மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. காய்ந்த மண் வழியாகக் கரன்ட் சரியாகத் திரும்பிப் போகாது, விளக்கும் ஃபேனும் சேர்ந்து ஓடினால் பெட்டிக்குப் பற்றாது. எர்த் குழியில் கரியும் உப்பும் போட்டு ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று வருஷா வருஷம் போர்டில் எழுதிப் பிள்ளைகளை ஒப்பிக்கச் சொன்னவர் அவர். குழாய்க்குப் பக்கத்தில் அலுமினியக் குண்டான் கவிழ்ந்து கிடந்தது. மதிலோடு ஒட்டிக் கிடந்ததால் மழைகூட அதைப் புரட்டவில்லை. கடைசியாக அவள் கவிழ்த்தபடியே இருந்தது.

நிமிர்த்தினார். உள்ளே போய்த் தண்ணீர் பிடித்து வந்து ஊற்றினார். மண் சத்தத்தோடு குடித்தது. மறுபடி பிடித்து வந்தார். செருப்பில் சேறு ஒட்டி வழுக்கியது, கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலோடு நடந்தார். நனைந்த மண் காலில் சில்லென்றது. மண் குடிப்பதை நிறுத்தும்வரை ஊற்றினார்.

சாயங்காலம் டியூப்லைட் போட்டார், ஃபேன் போட்டார். பெட்டியின் மேல் டெஸ்டர் எரியவில்லை. தபிதா வந்தாள்.

"நாளிக்கு வண்டி சொல்லியாச்சி நைனா. ஏன் இப்டி மூச்சு வாங்குற?"

"கம்ப்யூட்டர் ஃபால்ட்ட கண்டுபுட்ச்சிட்டேன்."

"கண்டுபுட்ச்சிட்டியா! இன்னா ஃபால்ட்டு?"

பாடம் நடத்துகிற மாதிரி எர்த், கம்பி, ஈரம் என்று வரிசையாகச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். வந்தது வேறு.

"அம்மா தண்ணி ஊத்தல" என்றார்.

தபிதா ஒன்றும் புரியாமல் பார்த்தாள். அவருக்குப் புரிந்துவிட்டது. இந்த விளக்கு, இந்த விசிறி, அவர் தட்டிக்கொண்டே இருந்த இந்தப் பெட்டி, எல்லாவற்றுக்குமாகத் தினமும் இடுப்பில் தண்ணீர் சுமந்துகொண்டு போய் அவள்தான் ஊற்றியிருக்கிறாள். இனிமேல் ஊற்ற மாட்டாள். "பொங்கல்லேர்ந்து ஊத்தல, தபிதா. அவ செத்துட்டாம்மா." மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி வாயைக் கோணிக்கொண்டு, இன்பசேகரன் அழுதார்.

மகள் பார்க்கிறாளே என்று வெட்கமாக இருந்தது. இத்தனை நாளும் ஒரு வார்த்தை பேச விடாமல் அணைந்த சனியன், இப்போது அணைந்தால் தேவலை என்று காத்திருந்தார். அணையவில்லை. தபிதா திரைக்குள் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, "அழு நைனா, அழு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பின்னால் கிளாட்வின் வந்து நின்றான். மேலே ஃபேன் ஓங்கிச் சுற்றியது.

வெகு நேரம் கழித்து, சட்டையைத் தூக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டு, கம்பி விவகாரத்தை ஒழுங்காகச் சொன்னார். கிளாட்வின் பயந்துபோய், உடனே சுவரை உடைத்துப் புது ஒயர் போட வேண்டும் என்றான். போடலாம் என்றார் இவர்.

"அதுவரைக்கும் தெனம் ஊத்தணுமா நைனா?" என்று தபிதா கேட்டாள்.

"போட்டப்புறமும் ஊத்துவேன்."

அவள் அவரையே பார்த்தாள். அவர் காலில் ஒட்டியிருந்த சேறு அவளுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் என்னவோ தெரிந்தது.

"அப்ப வண்டி வேணாம்னு சொல்லிடறேன்" என்றாள்.

"சரி" என்று சொல்லிவிட்டு, அவர் குண்டானைத் தேடி எழுந்து போனார். கம்ப்யூட்டர் எரிந்துகொண்டே இருந்தது, தபிதா காலி நாற்காலியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.