கல் இறக்கிய கூரை

அக்கரப்பத்தனைப் பக்கத்து அந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் எல்லாத் தகரக் கூரைமீதும் கல் இருக்கும். காற்று தகரத்தைத் தூக்கிவிடாமலிருக்க ஆற்றிலிருந்து சுமந்து வந்து வைத்தவை. வீரய்யா மட்டும் தன் ஒற்றையறைக் காம்பராவின் கூரையிலிருந்த கற்களை ஞாயிற்றுக்கிழமை கீழே இறக்கினான். தங்கை பூரணியைப் பெண் பார்க்க டயகமவிலிருந்து புதன்கிழமை வருகிறார்கள். கல் சுமக்கும் கூரை தரித்திரமாகத் தெரியுமாம்.

“டவுனு வீட்டுல எங்கயாச்சும் கூரை மேல கல்லு பாத்திருக்கியா?” என்று மனைவி சண்முகவடிவிடம் கேட்டான்.

“டவுனுல ஒழுங்கா ஆணி அடிச்சிருக்காங்க. நம்ம தகரத்துக்கு அந்தக் கல்லுதாங்க ஆணி.”

“ஒனக்கு நாகரிகம் தெரியாது.”

தெரியாதுதான். செவ்வாய்க்கிழமை மலைக்கு அந்தப் பக்கமிருந்து கிளம்பிய காற்றுக்கும் நாகரிகம் தெரியவில்லை. வீரய்யாவின் கூரையை அப்பளம்போலத் தூக்கிக்கொண்டுபோய்த் தேயிலைக்குள் போட்டது. மற்றவர்களின் கூரைகள் தரித்திரமாக அப்படியே இருந்தன. சுவரோரம் கம்பளிக்குள் சுருண்டு கிடந்த பெண்கள் மூவரும் எழுந்து கைகால்களைத் தொட்டுப் பார்த்தார்கள். எல்லாம் இருந்தன. மாமியார் பேச்சியம்மாவின் நாக்குக்கும் சேதமில்லை. “இவ இந்த வீட்டுக்கு வந்த நேரம்…” என்று ஆரம்பித்துவிட்டாள்.

கணக்கப்பிள்ளை வந்து பார்த்தார். தோட்டத் துரை பங்களாவில் ஒரு சன்னல் கண்ணாடி உடைந்துவிட்டதால் தச்சர்கள் எல்லோரும் அங்கே இருக்கிறார்களாம். “உசுரு தப்பிச்சுதுல்ல? சாமிக்கும் தொரைக்கும் நன்றி சொல்லுங்க” என்று சொல்லி, வீட்டுக்குள் நின்றபடியே குடையை விரித்துக்கொண்டு போனார்.

பூரணிக்கு முன்பு வந்த வரன்கள் கூரை இருந்தபோதே திரும்பிப் போனவை. இப்போது கேட்கவே வேண்டாம். அவள் மூலையில் உட்கார்ந்து சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டிருந்தாள். அழவில்லை. முகமெல்லாம் மழைத் தண்ணீர் என்பதால் அப்படித்தான் சொல்ல வேண்டும்.

“வர வேணாம்னு ஆள் அனுப்பிரட்டா?” என்றான் வீரய்யா.

“வரட்டுங்க. பொண்ணு பாக்கத்தானே வாராங்க, தகரம் பாக்கவா?” என்றாள் சண்முகவடிவு.

மறுநாள் மாப்பிள்ளையின் தகப்பன் சோலைமலை மட்டும் வந்தார். தலையில் பெரிய துணிக்கட்டு. சம்பந்தம் வேண்டாமென்று சொல்லிப்போகத்தான் வந்திருக்கிறார் என்று எல்லோருக்கும் தோன்றியது. அவர் அண்ணாந்து வெகுநேரம் வானத்தைப் பார்த்தார்.

“கல்லு வைக்கலையா தம்பி?”

வீரய்யா தலை குனிந்தான்.

“இருந்துச்சுண்ணே. இவருதான் எறக்கிட்டாரு” என்றாள் சண்முகவடிவு. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

சோலைமலை எட்டி வீரய்யாவின் கையைப் பிடித்துக்கொண்டார். “மகராசனே! எங்க பக்கம் அடிச்ச காத்துல கல்லு இருந்தும் கூரை போச்சு. கல்லு பூரா உள்ள விழுந்து எம் பொஞ்சாதி காலு வீங்கிக் கெடக்கு. எம் மண்டையப் பாரு. அதான் அவங்க யாரும் வரல. இப்ப எங்க வீட்டுல கல்லு மட்டுந்தான் இருக்கு. இப்படி முன்யோசனை உள்ள குடும்பத்துல பொண்ணு எடுக்காம வேற எங்க எடுக்க?”

வீரய்யா மெல்ல நிமிர்ந்தான். “மனசுல பட்டுச்சு மாமா. வீட்டுல எம்புட்டோ தடுத்தாங்க. நாந்தான் கேக்கல.”

“எம் மகன் சின்னதுலேருந்தே அப்படித்தான்” என்றாள் பேச்சியம்மா.

சண்முகவடிவுக்குப் பதில் தொண்டைவரை வந்தது. பூரணி அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்காக விழுங்கினாள்.

“ஆமாண்ணே. இவரு சொன்னா எப்பவும் சரியாத்தான் இருக்கும்.”

“அப்ப தையில வச்சுக்குவோம். யாரு வீட்டுக்கு மொதல்ல கூரை வருதோ அங்க கல்யாணம்” என்றார் சோலைமலை.

தேத்தண்ணி ஊற்றும்போது மறுபடி மழை பிடித்துக்கொண்டது. வீரய்யா ஒரு சாக்கை எடுத்து சண்முகவடிவின் தலைக்கும் அடுப்புக்கும் மேலே விரித்துப் பிடித்தான். தன் தோள் நனைவதைக் கவனிக்காமல், காற்றின் போக்கை முன்கூட்டியே அறிவது எப்படி என்று சோலைமலைக்கு விளக்கிக்கொண்டிருந்தான். சண்முகவடிவு அந்த நனைந்த தோளைப் பார்த்தாள். உயிரோடு இருக்கிறானே, அது போதும். வாயும் கூடவே தப்பி வந்துவிட்டது, அதற்கென்ன செய்ய.