வெள்ளிக்கிழமை மூடிய புகார்கள்

விசாரணைக் குறிப்பைத் தட்டச்சு செய்யச் சொல்லி அவளிடமே கொடுத்தார்கள். அதுதான் அவள் வயிற்றெரிச்சலை இரட்டிப்பாக்கியது. மூன்றாவது வரியில் ‘மெக்கானிக்கின் கவனக்குறைவு’ என்று இருந்தது. அந்த மெக்கானிக் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். புதன்கிழமை காலை லிஃப்ட் குழிக்குள் அவன் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, மேலே நின்ற கூண்டு ஒரு சாண் நழுவி இறங்கி, வலக்கையில் இரண்டு விரல்களை நசுக்கிவிட்டது. இரண்டையும் எடுத்துவிட்டார்கள்.

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி அது. அவளுக்கு அங்கே புகார்ப் பதிவேடு பார்க்கும் வேலை. எந்தக் கட்டடத்தில் என்ன கோளாறு என்று யார் சொன்னாலும் கம்ப்யூட்டரில் ஏற்றுவாள், சரியானதும் மூடுவாள். வாய் திறந்து நாலு வார்த்தை பேசமாட்டாள். மெக்கானிக்குகள் அவளுக்கு வைத்த பெயர் புகார்ப்பெட்டி.

குழிக்குள் சிக்னல் கிடைக்காது என்பதால், போன வருடம் மெக்கானிக்குகளுக்கு ஆளுக்கொரு டேப்லெட் கொடுத்தார்கள். பதிவேட்டின் நகல் அதற்குள்ளேயே இருக்கும். வாயால் கேட்டால், அதிலுள்ள ஏஐ அந்த நகலைத் தேடிப் பார்த்துப் பதில் சொல்லும். எதைக் கேட்டாலும் தயங்காமல் சொன்னதால் அதற்கு வாத்தியார் என்று பெயர் விழுந்தது. சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு, வேலை ஓய்ந்திருக்கும் நேரம் பார்த்து, பதிவேடு மொத்தமும் டேப்லெட்டுகளுக்குப் போய்ச் சேரும். அடுத்த சனி வரை வாத்தியாருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பிரேக் புகார் பாக்கி இருந்தால், கூண்டுக்கு அடியில் இரும்பு முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் கைவைக்க வேண்டும் என்பது கம்பெனி விதி. பாக்கி இல்லையென்றால் முட்டு வேண்டாம். அரை மணி நேரம் மிச்சம். குறிப்பில் அதைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த லிஃப்டின் பிரேக் புகார் பதிவேட்டில் பாக்கி என்று சிவப்பில் நிற்கிறதாம். கண்ணுள்ளவன் பார்த்திருப்பானாம்.

வியாழக்கிழமை மருத்துவமனையில் அண்ணன் கட்டோடு படுத்துக்கொண்டு சொன்னது வேறு.

“வாத்தியார்கிட்ட ரெண்டு தடவை கேட்டேன்மா. பாக்கி ஒண்ணுமில்ல, எல்லாம் தீர்ந்துபோச்சுன்னு சொல்லுச்சு.”

அப்போதே அவளுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. தண்ணீர் எடுத்துவருவதாகச் சொல்லி எழுந்து வெளியே போய்விட்டாள்.

அந்த ஆபீசில் ஒரு வழக்கம் இருந்தது. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு மேலிடத்துக்கு வார அறிக்கை போகும். பாக்கி என்ற கட்டத்தில் பூஜ்யம் நிற்க வேண்டும். அதனால் நாலரைக்கு அவள் எல்லாப் புகாரையும் ‘தீர்ந்தது’ என்று மூடுவாள். திங்கட்கிழமை வந்ததும் திரும்பத் திறப்பாள். இப்போதைய மேலாளர் வந்த நாளிலிருந்து இப்படித்தான். விருந்தாளி வருவதற்குள் அழுக்குத் துணியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவதுபோல என்று அவளே சிரித்திருக்கிறாள். தள்ளி முடித்த வீட்டைத்தான் சனிக்கிழமைதோறும் வாத்தியார் பார்த்துவிட்டுப் போகிறார் என்பது வியாழக்கிழமை வரை அவளுக்கு உறைக்கவே இல்லை.

இன்று வெள்ளிக்கிழமை. குறிப்பை மேசையில் கவிழ்த்துப் போட்டுவிட்டு, நகலெடுக்கும் வேலையை எழுதிக்கொடுத்த புரோகிராமரிடம் போனாள். பழைய சனிக்கிழமை நகல்களைக் காட்டச் சொன்னாள். நாற்பத்தாறு வாரம். ஒன்றில்கூட ஒரு பாக்கி இல்லை.

இதைப் பார்த்து ஒருநாளும் சந்தேகம் வரவில்லையா என்று கேட்டாள்.

“நம்ம ஆளுங்க கில்லாடிங்கன்னு நினைச்சேன்” என்றார் அவர். கிண்டல் இல்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருந்தார். அவளுக்கு அந்த மனிதரை ஓங்கி அறையலாம் போலிருந்தது. அதைவிட, மூடி மூடிப் பழகிய தன் கையைச் சுவரில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அங்கிருந்து நேரே மேலாளர் அறைக்குப் போனாள். அவர் குரலை உயர்த்தவில்லை. உட்காரச் சொன்னார். அவள் நின்றுகொண்டே எல்லாவற்றையும் கொட்டி முடிக்கும்வரை பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

“மூடினது யாரும்மா? நாற்பத்தாறு வாரமும் உன் பேர்தான் இருக்கு. மூடச் சொல்லி நான் எழுதிக் குடுத்தேனா?”

எழுதிக் கொடுக்கவில்லைதான். வாயால் சொன்னதற்கு ஏது சாட்சி. பிறகு அவரே இறங்கிவந்து, குறிப்பு இப்படியே போனால் அண்ணன் வேலை மட்டும்தான் போகும், அவள் வேலைக்கு ஒன்றும் ஆகாது, ஒருத்தர் சம்பளமாவது வீட்டுக்கு மிஞ்சட்டும் என்று அக்கறையாகச் சொன்னார். அந்த அக்கறைதான் அவளைக் கொதிக்க வைத்தது. விரலும் போய், விரல் போனதற்குப் பழியும் அண்ணன் தலையிலா?

“நீங்க சொன்னீங்க, நான் செஞ்சேன். ரெண்டையும் எழுதுறேன் சார்.”

இருக்கைக்குத் திரும்பியபோது மணி நாலரை. திரையில் நூற்றுப் பதினேழு புகார்கள் சிவப்பாக நின்றன. ஒன்றையும் தொடவில்லை. இப்போதே நகலை அனுப்புங்கள், கடைசி நிலையை மட்டுமல்ல, எப்போது மூடினேன் எப்போது திறந்தேன் என்பதையும் சேர்த்து அனுப்புங்கள் என்று புரோகிராமரிடம் கேட்டாள். நாள் மாற்றி அனுப்ப மேலாளர் அனுமதி வேண்டுமே என்று அவர் இழுத்தார்.

“அனுமதி வாங்கியாச்சுன்னு போட்டுக்குங்க. நான் போடாத பொய்யா?”

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அந்தப் பொய்யை எழுதாமலே அனுப்பினார்.

அண்ணன் அடிபட்ட லிஃப்டைப் பற்றித் தன் மேசையிலிருந்த உபரி டேப்லெட்டிடம் கேட்டுப் பார்த்தாள். நாற்பத்தாறு முறை மூடப்பட்டது, நாற்பத்தாறு முறை திறக்கப்பட்டது, பழுதுபார்த்ததாக ஒரு பதிவும் இல்லை, முட்டுக் கொடுக்கவும் என்று அது அமைதியாகச் சொன்னது.

கால் மணி நேரத்தில் போன் அடித்தது. மெக்கானிக்குகளில் மூத்தவர்.

“என்ன புகார்ப்பெட்டி, வாத்தியாருக்குப் பைத்தியமா? பத்து லிஃப்டுல ஏழுக்கு முட்டு வைக்கச் சொல்றாரு.”

“இன்னிக்குத்தான் தெளிஞ்சிருக்கு அண்ணே. வைங்க.”

ஐந்து மணிக்கு அறிக்கையில் பூஜ்யத்துக்குப் பதில் நூற்றுப் பதினேழு போனது. மேலாளர் அறையிலிருந்து அவளைக் கூப்பிட்டார்கள். போகவில்லை. வாக்குமூலத்தைத் தன் பெயரில் அடித்து, கையெழுத்துப் போட்டு, நேரே மருத்துவமனைக்கு நடந்தாள்.

அண்ணன் இடக்கையால் காகிதத்தைப் பிடித்துப் படித்தான். பாதியில் நின்று, மேலே போய், மறுபடி படித்தான்.

“என் லிஃப்டையும் நீதான் மூடுனியா?”

“ஆமாண்ணா.”

“வாராவாரம்?”

“வாராவாரம்.”

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் நகரவில்லை. மன்னிப்புக் கேட்டால் அதுவும் ஒரு பூசி மெழுகலாக இருக்கும் என்று பட்டது. புதன்கிழமை டேப்லெட் அவனிடம் என்ன சொன்னது என்ற பகுதிக்குக் கீழே அவன் கையெழுத்து வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

அவன் இந்தப் பக்கம் திரும்பி, பேனாவைக் கேட்டான். இடக்கையில் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, கிறுக்கலாகப் போட்டான். காகிதத்தை அவளிடம் தராமல் கட்டிலில் எறிந்தான்.

“திங்கக்கிழமை விசாரணைல அந்த மேனேஜர் முகத்துக்கு நேரா இதை நீயே படிக்கணும். நடுவுல அழுதேன்னா, வீட்டுப்பக்கம் வராதே.”

அவள் காகிதத்தை எடுத்து மடித்துக்கொண்டாள்.