நீங்க போன பிறகு

சோகமோசோ என்று ஊருக்குப் பெயர் வைத்தவர்கள் தெரிந்துதான் வைத்திருக்க வேண்டும். அந்த மாதம் அங்கே அழாத ஆள் இல்லை. கசாப்புக் கடையில், பஸ்ஸில், பல் வைத்தியரிடம் வாயைத் திறந்துகொண்டு கிடக்கும்போதுகூட, ரேடியோவில் உள்ளூர்ப் பாடகன் சில்வீனோவின் பாட்டுத்தான். 'நீ போன பிறகு.' கித்தார் விம்மும், வயலின் தேம்பும், சில்வீனோ இரண்டையும் மிஞ்சிவிடுவான்.

பாட்டில் அவள் கடல் கடந்து போய்விடுகிறாள். நிஜத்தில் அவன் பெண்டாட்டி ஃப்ளோரால்பா போனது மூன்று தெரு தள்ளி, அக்கா வீட்டுக்கு. காரணம் காஸ் சிலிண்டர். உயிரையே தருகிறேன் என்று இத்தனை வருஷமாகப் பாடிய மனுஷன், காலி சிலிண்டரை வாசல்வரை தூக்கித் தர மாட்டான். அவளும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். ஒரு காலையில் அடுப்பும் அணைந்தது, பொறுமையும் தீர்ந்தது.

ஊருக்கு இதெல்லாம் எதற்கு? பாவம் சில்வீனோ என்று ஆளாளுக்குப் பால் சூப் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவளிடம் பாலாடைக்கட்டி ரொட்டி வாங்க வருகிறவர்கள் கல்நெஞ்சக்காரி என்று முணுமுணுத்துக்கொண்டே வாங்கினார்கள். சில்வீனோவுக்கோ சூப்பும் வேண்டாம், புகழும் வேண்டாம். அவளைத் திரும்பக் கூட்டிவரத்தான் அவன் பாட்டே எழுதினான். அவள் ஒரு தடவை கேட்டால் போதும்.

கேட்டாள். கேட்ட வேகத்தில் ரொட்டிக் கூடையை அக்கா தலையில் கட்டிவிட்டு, கதவை உடைக்காத குறையாக வந்து நின்றாள்.

"யாருங்க அவ?"

"எவ?"

"அதான், அந்த 'நீ'! 'நீ போன பிறகு, நீ இல்லாத வீடு'ன்னு உருகுறீங்களே. இத்தனை வருஷத்துல என்னை ஒரு நாளாவது நீன்னு கூப்பிட்டிருக்கீங்களா?"

அந்த மலைப்பக்கத்தில் பெண்டாட்டி, பிள்ளை, பசு, நாய் எல்லாருமே 'நீங்க'தான். நெருங்கியவர்களைக் கூப்பிட அதைவிட இனிக்கிற வார்த்தை கிடையாது. இன்ஷூரன்ஸ் விற்க வருகிறவன், வழி கேட்கிற வெளியூர்க்காரன், ஒப்புக்குச் சிரித்துவிட்டு மறந்துபோகிற ஆட்கள், இவர்களுக்குத்தான் 'நீ'.

"நான் நீங்கன்னுதாங்க எழுதினேன்! அந்தக் கடற்கரைக்காரன் மாத்திட்டான்!"

சத்தியமான வார்த்தை. பாட்டைப் பதிவு செய்த யாயிர் கடலோர ஊர்க்காரன். அங்கே பாதிரியாரைக்கூட 'நீ' என்பார்கள். "நீங்க போன பிறகா? என்னப்பா இது, வக்கீல் நோட்டீஸ் விடறியா?" என்று அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "நீன்னு போடு. மெட்டும் உட்காரும், மியாமிலயும் ஓடும்." சில்வீனோ பயந்தாங்கொள்ளி. மண்டையை ஆட்டிவிட்டான்.

"உங்க சாக்குக்கு மட்டும் குறைச்சலே இல்ல," என்றாள் ஃப்ளோரால்பா. "எனக்கு எழுதினது நிஜம்னா, ஞாயித்துக்கிழமை திருவிழாவுல, ஊர் முன்னாடி, எழுதினபடி பாடுங்க. அப்புறம் பேசிக்கலாம்."

அப்புறம் பேசிக்கலாம்! அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்றைக்கே நிரம்பிய சிலிண்டர் இரண்டைத் தானே சுமந்து வந்து, சமையலறையில் கல்யாண ஜோடி போல நிறுத்திவைத்தான்.

ஞாயிறு மத்தியானம் சதுக்கத்தில் நிற்க இடமில்லை. ஃப்ளோரால்பா தன் அக்காவோடு முன்வரிசையில் இருந்தாள். "சொதப்பிடாதே தம்பி, ரேடியோல நேரடியாப் போகுது," என்று மேடை ஓரத்திலிருந்து யாயிர் எச்சரித்தான். சில்வீனோ கண்ணை மூடிக்கொண்டு, 'நீங்க போன பிறகு' என்று எடுத்தான்.

மெட்டில் ஒரே ஒரு அசைக்குத்தான் இடம் இருந்தது. இரண்டாவது அசை தொண்டையில் சிக்கிக்கொண்டது. கித்தார் முந்திப் போயிற்று. வயலின் கொஞ்சம் காத்துப் பார்த்துவிட்டு அதுவும் போயிற்று. பஸ்ஸைத் தவறவிட்டவன் மாதிரி சில்வீனோ மூச்சிரைக்கப் பின்னால் ஓடினான். இளவட்டங்கள் விசிலடித்தார்கள். யாயிர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

இரண்டாம் சரணத்துக்குள் சிரிப்பு அடங்கிவிட்டது. உருளைக்கிழங்கு வியாபாரி ஒருவர் கம்பளிப் போர்வை நுனியால் கண்ணைத் துடைத்தார். இதுவரை பாட்டுக்காக அழுதவர்கள் இப்போது அவரவர் வீட்டை நினைத்து அழுதார்கள்.

ஃப்ளோரால்பாவும் அழுதாள். பாட்டு முடிந்ததும் சில்வீனோ மேடையிலிருந்து குதித்து அவளிடம் ஓடினான்.

"கேட்டீங்களா? எழுதினபடியே பாடிட்டேங்க!"

"கேட்டேன்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். கோபம் துளிகூட இல்லாத சிரிப்பு. அவன் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "எனக்குத்தான் எழுதினதுன்னு இப்பத் தெரிஞ்சுது. மனசு ஆறிப்போச்சு. ரொம்ப நல்லாப் பாடினே. நீ பெரிய ஆளா வருவே, பாரு."

சில்வீனோ அவள் முகத்தைப் பார்த்தான். அவள் குத்திக்காட்டவில்லை, விளையாடவும் இல்லை. மனசார வாழ்த்தித்தான் சொல்லியிருந்தாள். வழி கேட்ட வெளியூர்க்காரனிடம் சொல்வது போல, 'நீ' என்று. அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை. அவள் அக்காவோடு கூட்டத்தில் கலந்து போனாள்.

"இன்னொரு தடவை! இன்னொரு தடவை!" என்று சதுக்கமே கத்தியது. யாயிர் ஓடிவந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டான். "உன் கால்ல விழறேன்டா, இந்தத் தடவையாவது நான் சொன்ன மாதிரி பாடு."

சில்வீனோ மேடை ஏறினான். 'நீ போன பிறகு' என்று பாடினான். மெட்டு அச்சாக உட்கார்ந்தது.