ளகரம் போய் ரகரம் வந்த கதை

கதிரவன் உச்சியினின்று மேற்கே சாயத் தொடங்கிய வேளை. குன்றின்மேல் பல்கலைக்கழகம் வெயிலில் கண்கூச நிற்க, அதன் அடிவாரத் தெருவில் நிழல்கள் சுவரோரம் ஒதுங்கிக் கிடக்க, அச்சகத்துப் பொறிகள் மட்டும் ஓய்வின்றி முனகிக்கொண்டிருந்தன. அத்தெருவில், கையில் தாட்கட்டும் நெஞ்சில் கொதிப்புமாக விரைந்த ஆய்வறிஞராகிய அம்மையாரை நீவிர் கண்டிருந்தால், படிப்போரே, வழிவிட்டு ஒதுங்கியிருப்பீர்.

பெண்களும் புத்திலக்கியமும் என்னும் துறையில் இருபத்திரண்டு ஆண்டுகள் உழைத்தவர் அவர். பழைய இதழொன்றில் பெயரின்றி வந்த பத்தொன்பது கதைகளை எழுதியது இதழாசிரியரின் மனைவியே என நிறுவுவதுதான் அவர் நூலின் உயிர். ஒவ்வொரு கதையின் முகப்பிலும் ‘இவர் எழுதுவது’ என்று மட்டும் குறித்துப் பெண்ணென்பதையே புதைத்துவிட்டார் கணவர் என்று நான்காம் இயலில் சாடியிருந்தார். அந்நூலை நம்பியே பேராசிரியர் இருக்கையும் காத்திருந்தது. மாலையில் நூல் அச்சேற வேண்டும். காலையில் வந்த இறுதி மெய்ப்பிலோ, அம்மனைவியை ‘அவள்’ என்று எழுதிய இடமெல்லாம் ‘அவர்’ என்றிருந்தது. கணவரும் அவர், மனைவியும் அவர். எழுதியது எந்த அவர் என்று எவராலும் சொல்லவியலாது.

ஐயம் நேரே துறைத்தலைவர்மேல் பாய்ந்தது. கதைகள் கணவருடையனவே என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர். நூல் என்றைக்கு வருமென இருமுறை கேட்டவர். சென்ற கிழமை அச்சகத்தினின்று சிரித்தபடி வெளிவந்தவர். அவர் தும்மியிருந்தாலும் அம்மையார் அதிலொரு சூழ்ச்சி கண்டிருப்பார்.

அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும் பெண்மணி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நிமிர்ந்தார்.

“யார் சொல்லி இதை மாத்தினீங்க?” என்றார் அம்மையார்.

“யாரும் சொல்லலைம்மா. நானாத்தான் மாத்தினேன்.”

“துறைத்தலைவர் இங்க வந்தாரே, எதுக்கு?”

“பொண்ணு கல்யாணப் பத்திரிகை அடிக்க.” பெண்மணி தாள்களைப் புரட்டினார். “கதையில வர்ற பொண்ணுங்களை அவள்னே விட்டிருக்கேன், பாருங்க. ஆனா வீட்டுக்காரரைத் திட்டுற எடத்துலகூட அவர்னு போட்டிருக்கீங்க. எழுதின அம்மாவை மட்டும் அவள், இவள்னு. கைதவறிப் போச்சுன்னு நினைச்சேன்.”

அம்மையார் நாற்காலியில் அமர்ந்துவிட்டார். பக்கத்துக்குப் பக்கம் பார்த்தார், அப்படித்தான் இருந்தது. கைதவறவில்லை, தாமே, மனமறியாமல், எழுதியது. வெட்கம் அவர் காதுமடல்வரை ஏறியது. அந்தக் கணவர் இட்ட ‘இவர்’ இந்தப் பெண்மணி இட்ட ‘அவர்’ போன்றதே என்றால்?

“பழையபடி மாத்திடவா?”

“வேண்டாம். அவர்னே இருக்கட்டும். குழம்புற எடத்துல மட்டும் மனைவியார்னு சேர்த்துடுங்க. நாலாவது இயலைக் குடுங்க.”

‘புதைத்துவிட்டார்’ என்பதை அடித்து, ‘மறைத்தாரோ, மதித்தாரோ, நான் அறியேன்’ என்று அம்மையார் எழுதினார். தம் நூலை வீழ்த்த அவ்வொரு வரி போதும் துறைத்தலைவருக்கு என்பதை அறிந்தே எழுதினார்.

போதுமானதாகவே இருந்தது. ‘ஆசிரியரே அறியேன் என்கிறார்’ என்று தேர்வுக்குழுவில் துறைத்தலைவர் உரக்கச் சொன்னார். இருக்கை வேறொருவருக்குப் போயிற்று. பிறர்மேல் எழும் ஐயம் விரைந்து வருவதும், தன்மேல் எழுவது காலந்தாழ்ந்து வருவதும் மாந்தர் இயல்பு. அம்மையாருக்கு அது நூல் அச்சேறுவதற்குச் சில நாழிகை முன்னதாகவேனும் வந்தது.